"ஏதாவது கேக்க இருக்கோ?"

அம்மாவின் மார்பில் இருந்த கட்டியின் பயொப்சி முடிவு வந்த பிறகு, முதன்முதலாகப் புற்றுநோய் டொக்டரைப் பார்த்த நாளில் எங்களுக்குக் கிடைத்தது ஏழு எட்டு நிமிடம். டொக்டர் பொறுமையான மனிசன். ரிப்போர்ட்டை வாசித்தார், அம்மாவைப் பரிசோதித்தார், முதலில் மருந்து ஏற்றுவோம், பிறகு ஆபரேஷன், தேவைப்பட்டால் அதற்குப் பிறகு கதிர்ச் சிகிச்சை என்று சொன்னார். கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்து, "ஏதாவது கேக்க இருக்கோ?" என்றார்.

"இல்லை டொக்டர்" என்றேன். அம்மாவும் தலையசைத்தார்.

வீட்டுப் படலையைத் திறக்கும் முன்பே சின்னம்மா வந்துவிட்டார். எத்தினையாம் ஸ்டேஜாம்? ஏன் முதல்லை வெட்டி எடுக்கேல்லை? எத்தினை தரம் மருந்து ஏத்துவினம்? தலைமயிர் கொட்டுமோ? ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. இதே கேள்விகளோடுதான் முதல் நாள் இரவு முழுக்க நித்திரை இல்லாமல் கிடந்தேன். கேட்கச் சொல்லி டொக்டரே வாயெடுத்துக் கேட்ட நேரத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏன் கேட்கவில்லை என்று பின்னால் பலமுறை யோசித்தேன். வெளியே வாங்கில் காலையிலிருந்து காத்திருக்கும் சனம் ஒரு காரணம். எங்களுக்குப் பின்னால் நம்பர் துண்டோடு வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். டொக்டரிடம் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று ஊறிப்போன பழக்கம் இன்னொரு காரணம். ஆனால் உண்மையான காரணம் வேறு. அம்மாவுக்கு அது என்ன வருத்தம் என்று நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

பயொப்சி முடிவு வந்த அன்று சின்னம்மா என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், "அக்காவுக்குச் சொல்லாதை பிள்ளை, சொன்னால் அந்தக் கவலையிலேயே போயிடுவா" என்றார். ரொறன்ரோவில் இருக்கும் தம்பியும் போனில் அதையே சொன்னான். நானும் ஒத்துக்கொண்டேன். "சாதாரணக் கட்டிதான், கரைக்கிறதுக்கு மருந்து ஏத்தப் போகினம்" என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தோம். டொக்டரின் அறைக்குள் போகுமுன் அங்கே நின்ற நேர்ஸ் மிஸ்ஸியிடம் இரகசியமாக, அம்மாவுக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டிருந்தேன். பிறகு எப்படி நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஸ்டேஜ் எத்தனை என்று கேட்பது?

இன்னும் ஒரு விசயம் அப்போது எனக்குத் தெரியாது. என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

முதல் மருந்து ஏற்றி ஒன்பதாம் நாள் இரவு அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். சின்னம்மா இரண்டு பனடோல் கொடுத்தார், வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது, நாங்களும் படுத்துவிட்டோம். விடியப்புறம் பார்த்தால் அம்மாவால் எழுந்து இருக்கவே முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. கிருமித்தொற்று என்று சொல்லி மறித்து, சேலைனோடு கிருமிகொல்லி மருந்து ஏற்றினார்கள். ஐந்து நாள் வார்ட்டில் இருந்தோம்.

"காய்ச்சல் வந்தால் உடனே வாங்கோ எண்டு சொன்னனே அம்மா, தாளும் தந்தனே" என்றார் மிஸ்ஸி. அவர் சொன்னது உண்மை. தாள் என் கைப்பையிலேயே நாலாக மடித்தபடி கிடந்தது. சொல்லும்போது தலையை ஆட்டிக் கேட்டிருக்கிறேன், ஒரு சொல்லும் மனதில் நிற்கவில்லை. மருத்துவர்கள் சொல்லும் தகவலில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிகளுக்கு உடனேயே மறந்துபோகிறது என்று 2003இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரையில் பின்னர் வாசித்தேன். வாசித்தபோது அந்த மடித்த தாள்தான் கண்ணுக்குள் வந்தது.

இதை வாசிக்கும் யாருக்காவது வீட்டில் கீமோ, அதாவது இப்படிப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவது, நடக்கிறது என்றால் மீதியை விட்டாலும் இந்த ஒரு பந்தியை மறக்காதீர்கள். மருந்து ஏற்றி ஏறத்தாழ ஒன்று இரண்டு கிழமைக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட், அதற்கு மேல் காய்ச்சல் காட்டினால் அது அவசரம். இரவு பன்னிரண்டு மணி என்றாலும் போக வேண்டும். பனடோல் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருந்தால் காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. வாசலில் நிற்பவரிடம் முதல் வசனமாகவே "கீமோ எடுக்கிற ஆள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். வீட்டில் ஒரு தேமோமீட்டர் வாங்கி வையுங்கள். இரவில் எந்த வார்ட்டுக்கு வர வேண்டும், எந்த நம்பருக்கு எடுக்க வேண்டும் என்ற கேள்வியை முதல் மருந்து ஏற்றும் முன்பே கேட்டு, பதிலைச் சுவரில் ஒட்டுங்கள்.

அந்த ஐந்து நாளில் ஒரு பின்னேரம், அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தபடி, "எனக்குக் கான்சர்தானே?" என்று கேட்டார். நான் பேசவில்லை. "பஸ்ஸாலை இறங்கி உள்ளை வரேக்கை பலகை கிடக்குது. எனக்கு வாசிக்கத் தெரியாதோ? நீ அழுவாய் எண்டுதான் நான் கேக்கேல்லை" என்றார்.

அம்மா அழுவார் என்று நான் கேட்கவில்லை. நான் அழுவேன் என்று அம்மா கேட்கவில்லை. அந்த ஏழு எட்டு நிமிடமும் அப்படித்தான் போயிருக்கிறது.

அன்றைக்கே வெளியே கடையில் ஒரு 80 பக்க அப்பியாசக் கொப்பி வாங்கினேன்.

நாங்கள் போவது தெல்லிப்பழைக்கு. இனுவிலில் பஸ் ஏறினால் மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம் தாண்டிப் போய்விடலாம். நான் சிறுமியாக இருந்தபோது புற்றுநோய் என்றால் கொழும்புக்குப் பக்கத்தில் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மகரகம என்ற பெயர்தான் காதில் விழும். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து பணம் சேர்த்தார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி அப்படி வந்தது. யாரோ முகம் தெரியாத சனம் எங்களுக்காக வெயிலில் நடந்திருக்கிறது என்ற நினைப்பு அந்த வாசலில் ஒவ்வொரு முறையும் எனக்கு வரும்.

கொப்பி வாங்கிய செய்தி தம்பிக்குப் போனதும் வட்ஸ்அப்பில் அவனுடைய கேள்விகள் வந்து குவிந்தன. எங்களுக்கு விடியும்போது அவனுக்கு இரவு. வேலையால் வந்து, நித்திரை முழித்து, இணையத்தில் தேடித்தேடி அனுப்பியிருக்கிறான். எண்ணிப் பார்த்தேன், 43 கேள்விகள். பாதிக்கு மேல் கனடாவில் நடக்கும் ஆய்வுகள், புதிய மருந்துகள் பற்றியவை. தூரத்தில் இருப்பவர்களுக்குக் கேள்வி கேட்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? அதனால் அவனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 43 கேள்வியை ஏழு நிமிடத்துக்குள் கொண்டுபோக முடியாது.

அதனால் பிரித்தேன். மிஸ்ஸியிடம் கேட்கக்கூடியவை, மருந்து கொடுக்கும் இடத்தில் கேட்கக்கூடியவை, டொக்டரிடம் மட்டுமே கேட்க வேண்டியவை. வாய்ப்புண்ணுக்கு எதனால் கொப்பளிப்பது, வாந்திக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா போடுவது போன்றவற்றுக்கு மிஸ்ஸிமார் டொக்டரைவிட விளக்கமாகப் பதில் சொல்வார்கள். அவர்களுக்குத்தான் அது நித்தம் நடக்கும் காரியம். டொக்டருக்கென்று ஒரு தடவைக்கு மூன்று கேள்விகளை மட்டும் பக்கத்தின் மேலே எழுதினேன். உள்ளே போய் இருந்தவுடனேயே "டொக்டர், மூண்டு கேள்வி எழுதிக்கொண்டு வந்தனான்" என்று சொல்லிவிடுவேன். எழும்பும் நேரத்தில் கேட்டால் அவர் அடுத்த ஆளின் கொப்பியைத் திறந்துவிடுவார்.

முதல் தடவை கேட்ட மூன்றும் இவை: இந்தச் சிகிச்சை முழுதாகக் குணமாக்குவதற்கா, இல்லை நோயைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதற்கா? ஆபரேஷனுக்கு முன்பே ஏன் மருந்து? ரிப்போர்ட்டில் இருப்பதை எங்களுக்கு விளங்கும்படி சொல்ல முடியுமா?

முதல் கேள்வியை எழுதவே எனக்குக் கை நடுங்கியது. கேட்பதற்கு முன் அம்மாவிடம், "இதைக் கேக்கட்டோ? பதிலை நீங்களும் கேக்க விரும்புறியளோ, இல்லாட்டி நான் தனிய கேக்கட்டோ?" என்றேன். "எனக்கு முன்னாலையே கேள்" என்றார். எல்லாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை நோயாளி தீர்மானிக்கட்டும். வேண்டாம் என்றால் அதையும் மதிக்க வேண்டும். ஆனால் அவரிடம் கேட்காமலே நாங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தோமே, அது பிழை. இன்றைக்கும் மனம் உறுத்துகிறது.

குணமாக்கும் நோக்கம்தான் என்றார் டொக்டர். கட்டியைச் சுருக்கினால் ஆபரேஷன் சுலபமாகும், மருந்துக்கு அது எப்படி மசிகிறது என்பதையும் கண்ணால் பார்க்கலாம், அதனால்தான் மருந்து முதலில் என்று விளக்கினார். ஸ்டேஜ், கிரேட் என்ற இரண்டையும் நாங்கள் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது: கட்டி எவ்வளவு பெரிது, கமக்கட்டுக்குள் நெறி கட்டியிருக்கிறதா, வேறு உறுப்புக்குப் போயிருக்கிறதா. கிரேட் என்பது நுணுக்குக்காட்டியில் அந்தக் கலங்கள் எந்த அளவுக்கு இயல்பு மாறித் தெரிகின்றன என்பது. மார்பகப் புற்றுநோயில் 1 முதல் 3 வரை. அம்மாவின் ரிப்போர்ட்டில் கிரேட் 3 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு மூன்றாம் ஸ்டேஜ் என்று தம்பிக்குச் சொல்லி, அவன் வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் இருந்திருக்கிறான். ஸ்டேஜ் உண்மையில் இரண்டு.

ஈஆர், பிஆர், ஹேர்டூ என்று ரிப்போர்ட்டின் அடியில் இருந்த எழுத்துகளையும் காட்டிக் கேட்டேன். கட்டி எதைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது என்று அவை சொல்கின்றன. ஈஆர் அல்லது பிஆர் பொசிட்டிவ் என்றால் உடம்பின் ஹோமோன் அதற்குத் தீனி. அதைத் தடுக்கும் குளிசையைச் சிகிச்சைக்குப் பிறகு ஐந்து வருடமோ அதற்கு மேலோ போட வேண்டியிருக்கும். ஹேர்டூ பொசிட்டிவ் என்றால் அதற்கென்றே வேறு மருந்து உண்டு, அது இருதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். ஒரே மார்பகப் புற்றுநோய்தான், அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு ஏன் வேறு மருந்து என்று வார்ட்டில் நாங்கள் பட்ட சந்தேகமெல்லாம் அந்த மூன்று எழுத்துகளில் தீர்ந்தது.

டொக்டர் சொல்லி முடித்ததும் இன்னொன்று செய்வேன். "நான் விளங்கிக்கொண்டதைச் சொல்லுறன், சரியோ பாருங்கோ" என்று இரண்டு வசனத்தில் திருப்பிச் சொல்வேன். ஆசிரியர் தொழில் தந்த பழக்கம் இது. வகுப்பில் விளங்கியதா என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஓம் என்பார்கள். திருப்பிச் சொல்ல வைத்தால்தான் தெரியும். இரண்டு முறை நான் பிழையாகச் சொல்லி டொக்டர் திருத்தியிருக்கிறார்.

உங்களுடைய அம்மா என்றால் என்ன செய்வீர்கள் என்று டொக்டரிடம் கேட்கச் சொல்லிப் பலர் எனக்கு அறிவுரை சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அது அவரை ஒரு மூலைக்குள் தள்ளும் கேள்வி போல எனக்குப் படுகிறது. "வேறை வழி இருக்கோ? இதைச் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டால் தேவையான பதில் வந்துவிடுகிறது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாமா ஒருவர் மகரகமவுக்குப் போய் வந்தவர். இரவு பஸ்ஸில் போய் இறங்கி, சிங்களமும் தெரியாமல், ஆங்கிலமும் அரைகுறையாக, கேட்க நினைத்ததை எல்லாம் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்ததைச் சொல்லி இப்போதும் கண்கலங்குவார். அடுத்த முறை போகும்போது சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு நாலு கேள்வியைச் சிங்களத்தில் எழுதுவித்து, பதில் எழுத இடமும் விட்டுக் கொண்டுபோனாராம். தாளை வாங்கிப் பார்த்த டொக்டர், ஒவ்வொன்றுக்கும் கீழே தானே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளை மாமா இன்னும் வைத்திருக்கிறார்.

இனிக் கொப்பியின் பின்பக்கம். முன்பக்கம் முழுக்க என்னுடைய, தம்பியுடைய கேள்விகள்தான் என்று ஒருநாள் திடீரென்று உறைத்தது. "அம்மா, உங்களுக்கு என்ன கேக்க வேணும்?" என்றேன். கொப்பியை வாங்கிப் பின்பக்கமாகத் திருப்பி, தன்னுடைய உருண்டை எழுத்தில் எழுதத் தொடங்கினார்.

முதலாவது: ஆபரேஷனுக்குப் பிறகு நான் கிணற்றில் தண்ணீர் அள்ளலாமா?

எனக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை. வீட்டில் மோட்டர் இருக்கிறது. ஆனால் பூக்கன்றுகளுக்கும் சாமித்தட்டுக்கும் அம்மா கப்பியில் கயிறு இழுத்துத்தான் அள்ளுவார். விடிய எழும்பி அவர் செய்யும் முதல் வேலை அது. டொக்டர் அந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் பதில் சொன்னார். கமக்கட்டு நெறிகளை எடுத்தால் கையிலிருந்து நீர் வடிந்து போகும் வழி குறையும், கை வீங்கலாம். அதற்காகக் கையைத் தூக்காமல் வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். சொல்லித் தரும் பயிற்சியைச் செய்ய வேண்டும், பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், முதல் கிழமைகளில் கிணறு வேண்டாம். பிறகு மிஸ்ஸி ஒன்று சொன்னார்: அந்தக் கையில் போட்டிருக்கும் காப்பு வழக்கத்தைவிட இறுக்கமாகத் தெரிந்தால், அல்லது கை பாரமாக இருந்தால், வீக்கம் கண்ணுக்குத் தெரியும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் வாங்கோ. தம்பியின் 43 கேள்வியிலும் இது இல்லை.

இரண்டாவது சாப்பாடு. சின்னம்மா கிரந்தி என்று சொல்லி முட்டை, இறால், கணவாய், கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். அம்மா கஞ்சியும் இடியப்பமுமாக மெலிந்துகொண்டே போனார். முட்டை சாப்பிடலாமா என்று அம்மா கேட்டதும், "கட்டாயம் சாப்பிடுங்கோ, நல்லா வேகவைச்சுச் சாப்பிடுங்கோ, உடம்பு தேறப் புரதம் வேணும்" என்றார் டொக்டர். சின்னம்மாவும் அன்றைக்குக் கூட வந்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

மூன்றாவது கேள்வியைப் பார்த்து நான் திகைத்துவிட்டேன். "ஒரு ஆள் கொண்டுவந்து தந்த பப்பாசி இலைச் சாறு குடிக்கிறேன், அது பிழையா?" எனக்கே தெரியாமல் மூன்று கிழமையாகக் குடித்திருக்கிறார். டொக்டர் ஏசவில்லை. கைமருந்தும் மருந்துதான், சில மூலிகைகள் ஈரலில் கீமோ மருந்து வேலைசெய்யும் விதத்தை மாற்றிவிடலாம், அதனால் சிகிச்சை முடியும்வரை நிப்பாட்டுங்கோ, எதைக் குடிச்சாலும் என்னட்டைச் சொல்லுங்கோ என்றார். நான் கேட்டிருந்தால் அம்மா என்னிடம் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டார்.

ஆபரேஷன் முடிந்து, கதிர்ச் சிகிச்சையும் முடிந்துவிட்டது. இப்போது தினமும் ஒரு குளிசை, இடைக்கிடை கிளினிக். கிணற்றடிக்குப் போகிறார், சின்ன வாளியோடு. காப்பை வாரத்துக்கு ஒருமுறை கழற்றிப் போட்டுப் பார்க்கிறார்.

போன மாதம் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஐயா ஒருவர் வந்தார். நாற்பது வருடமாக வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய். கன்னத்தின் உள்பக்கத்தில் புண் வந்து, அது புற்றுநோய் என்று முடிவாகியிருந்தது. எங்கள் நாட்டு ஆண்களுக்கு அதிகமாக வருவது இந்த வாய்ப்புற்றுநோய்தான். எங்களிடம் ஒரு கொப்பி இருக்கிறதாமே, அதைப் பார்த்து எழுதலாமா என்று அவருடைய மகள் கேட்டாள். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். "அதைக் குடுக்காதை பிள்ளை, அது என்ரை கேள்வியள். புதுசு ஒண்டு வாங்கிக் குடு" என்றார் அம்மா.

வாங்கிக் கொடுத்தேன். ஐயா விறாந்தையில் இருந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மகள் பேனையை நீட்டவும் வாங்காமல் தன் சட்டைப்பைப் பேனையை எடுத்து எழுதினார்: "கதிர் வைக்க முன்னம் பல்லுப் பிடுங்க வேணுமாம். என்ரை பல்லு நல்லாத்தானே இருக்கு, ஏன்?"

கதிர் பட்ட தாடையில் பிறகு பல்லுப் பிடுங்கினால் அந்தப் புண் ஆறுவது கடினம், எலும்பே பழுதாகலாம், அதனால்தான் பழுதாகக்கூடிய பல்லை முன்பே எடுத்துவிடுகிறார்கள் என்று நான் எங்கேயோ வாசித்திருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து அமத்தினார். ஐயா இரண்டாவது கேள்விக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்.